பேச்சு திரும்பிய பிறகு: தலையில் அடிபட்ட பிள்ளைகளின் மொழித்திறன்

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கு

தலையில் பலமாக அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கும் பிள்ளை கண் திறந்து "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டால் குடும்பத்துக்கே உயிர் வந்துவிடும். "பேச்சு வந்துடுச்சு, இனிப் பயமில்ல" என்று உறவினர்களுக்குத் தகவல் போகும். அந்த நிம்மதி நியாயமானது. ஆனால் பேச்சு திரும்புவது ஒன்று, மொழித்திறன் முழுதாகத் திரும்புவது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். சில பிள்ளைகளுக்கு அது ஆண்டுக்கணக்காகவும் நீளும்.

அந்த நாட்களில் பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர் பல வீடுகளில் நீங்கள்தான். பெற்றோர் வேலைக்குப் போன பிறகு, பள்ளி முடிந்து வரும் பேரனுக்கோ பேத்திக்கோ சாப்பாடு போட்டுக்கொண்டே "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்பவர் நீங்கள். அதற்குப் பிள்ளை எப்படிப் பதில் சொல்கிறது என்பதை மருத்துவரும் தெரிந்துகொள்ள வேண்டும். எதைக் கவனிப்பது, என்ன செய்வது என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் அவசரமானது

தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் சரியாக விழிக்காமல் இருந்தால், தலைவலி கூடிக்கொண்டே போனால், பேச்சு குழறினால், ஆளையோ இடத்தையோ அடையாளம் தெரியாமல் குழம்பினால், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிந்தால், உடனே 995 எண்ணை அழையுங்கள். கைக்குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், உச்சிக்குழி புடைத்திருந்தாலும் தாமதிக்க வேண்டாம். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சிறுவர்களுக்கான அவசரப் பிரிவு நாள் முழுவதும் இயங்குகிறது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தக் காயத்துக்கான ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் "அதிர்ச்சி" என்ற சொல் உள்ளே நுழைந்துவிடுகிறது. அதைப் படிக்கும் பெரியவர்கள், பிள்ளை பயந்துபோய் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்தக் கையேட்டில் "தலைக்காயம்", "மூளைக்காயம்" என்றே எழுதியிருக்கிறோம். பயம் தெளிய திருநீறு இடுவதில் தவறில்லை. அதற்காக மருத்துவமனைக்குப் போவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவர் சொல்லும் அந்த எண்

மருத்துவமனையில் 3 முதல் 15 வரையிலான ஓர் எண்ணைப் பற்றி மருத்துவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். 1974இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வகுக்கப்பட்ட அளவுகோல் அது. கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது ஆகிய மூன்றையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். கூட்டுத்தொகை 13க்கு மேல் இருந்தால் லேசான காயம். 9 முதல் 12 வரை நடுத்தரம். 8 அல்லது அதற்குக் கீழே கடுமையான காயம். கூட்டுத்தொகை 13 ஆக இருந்தாலும் லேசான பிரிவில்தான் சேரும். சின்னக் குழந்தைகளுக்கு அவர்கள் வயதுக்கேற்ப இதை மாற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

இதில் பேச்சுக்கு முழு மதிப்பெண் 5. தான் யார், எங்கே இருக்கிறோம் என்பதைக் குழப்பமில்லாமல் சொன்னாலே அந்த 5 கிடைத்துவிடும். பள்ளியில் நடந்த சண்டையைக் கோவையாகச் சொல்ல வருமா, ஆசிரியர் கேலியாகச் சொன்னது புரியுமா என்றெல்லாம் அந்த அளவுகோல் பார்ப்பதில்லை. அது அதன் வேலையும் அல்ல. பிள்ளையின் விழிப்புநிலை எப்படி இருக்கிறது, ஆபத்து எவ்வளவு என்பதை அளக்க வந்தது அது. ஆகவே "பேச்சுக்கு முழு மார்க் வாங்கிட்டான்" என்பதை மொழித்திறனுக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லேசான காயம் பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடுவார்கள். முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாகப் பள்ளி, விளையாட்டு என்று போனால் போதும். இனிமேல் சொல்லப்போவது முக்கியமாக நடுத்தரமான, கடுமையான காயங்களைப் பற்றி.

பக்கவாதம் போல இல்லை

உங்கள் வயதில் பலருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களைத் தெரிந்திருக்கும். சொல் வாய்வரை வந்து வெளியே வராமல் அவர்கள் தவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமல் அந்த இடம் கெடுகிறது. பேச்சை உருவாக்குவதற்கு மூளையின் இடப்பக்கத்து முன்பகுதி முக்கியம் என்பதை பாரிஸ் நகர மருத்துவர் பால் புரோக்கா 1861இலேயே எடுத்துக்காட்டினார்.

பிள்ளைகளின் தலைக்காயம் பெரும்பாலும் வேறு மாதிரி. உயரத்திலிருந்து விழும்போதோ வாகனம் மோதும்போதோ கெட்டியான மண்டையோட்டுக்குள் மென்மையான மூளை குலுங்குகிறது. மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நுண்ணிய நரம்பிழைகள் அங்கங்கே இழுபட்டு அறுகின்றன. நெற்றிக்குப் பின்னாலும் பொட்டுப் பகுதியிலும் உள்ள மூளை, கரடுமுரடான எலும்பில் உரசிக் கன்றிப்போகிறது. யோசிக்க, நினைவில் வைக்க, வரிசைப்படுத்த, வாயடக்க உதவுபவை இந்தப் பகுதிகளே.

அதனால்தான் இந்தப் பிள்ளைகளின் மொழி ஒரு விசித்திரமான நிலையில் இருக்கும். கடுமையான காயம் என்றால் முதலில் சில நாட்களோ வாரங்களோ பேச்சே இல்லாமல் இருக்கலாம். பிறகு ஒற்றைச் சொற்கள், அப்புறம் வாக்கியங்கள் வரும். நாக்கையும் உதட்டையும் அசைக்கும் தசைகள் தளர்ந்திருந்தால் உச்சரிப்பு கொஞ்சம் குழறும். பல பிள்ளைகளுக்குச் சொற்களும் வாக்கிய அமைப்பும் உச்சரிப்பும் ஓரளவு நன்றாகவே திரும்பிவிடுகின்றன. தேவையான சொல்லைச் சட்டென்று எடுப்பது, சொல்ல வந்ததைக் கோத்துச் சொல்வது, பிறர் சொல்லாமல் சொல்வதைப் பிடிப்பது ஆகியவைதான் பின்தங்குகின்றன. ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போகும் விருந்தாளிக்கு இது தெரியாது. கூடவே இருப்பவருக்குத்தான் தெரியும்.

"சின்னப் பிள்ளைதானே, சீக்கிரம் தேறிடும்"

இது நம்மிடையே மட்டும் உள்ள நம்பிக்கை அல்ல. 1930களில் அமெரிக்காவில் மார்கரெட் கென்னர்ட் என்ற ஆய்வாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளுக்குப் பிறகு, இளம் மூளை வேகமாகத் தேறும் என்று மருத்துவ உலகமும் நெடுங்காலம் நம்பியது. மூளையின் சிறிய ஓரிடம் மட்டும் கெட்டால் அதில் ஓரளவு உண்மை உண்டு. பக்கத்தில் உள்ள பகுதி அந்த வேலையை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் மூளை முழுவதும் குலுங்கிய காயத்தில் கதை மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் விக்கி ஆண்டர்சனும் அவரது குழுவினரும் அடிபட்ட பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். கடுமையான காயம் மிகச் சிறிய வயதில் பட்டால் பின்விளைவு பெரிய பிள்ளைகளைவிட மோசமாக இருக்கக்கூடும் என்பது தெரியவந்தது.

காரணம் எளிது. கட்டி முடித்த வீட்டில் சுவர் விரிசல் விட்டால் பூசிக்கொள்ளலாம். அஸ்திவாரம் போடும்போதே மண் சரிந்தால் அதன்மேல் எழும் ஒவ்வொரு மாடியிலும் அது தெரியும். பத்து வயதுப் பிள்ளை ஏற்கெனவே படித்துவைத்த மொழியை மீட்டெடுக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையோ அடிபட்ட மூளையைக் கொண்டு இனிமேல்தான் அவ்வளவையும் கற்க வேண்டும்.

இதனால் சிரமம் தாமதமாக வெளிப்படும். பாலர் பள்ளி வயதில் விபத்து நடந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கநிலை 1, 2இல் எல்லோரையும் போலவே தெரியும். அந்த வயதில் பாட்டும் படமும் சின்ன வாக்கியங்களும்தான் பாடம். தொடக்கநிலை 4, 5 என்று வரும்போது கட்டுரை எழுத வேண்டும், கருத்தறிதலில் வரிகளுக்கு இடையே உள்ளதைப் புரிந்துகொள்ள வேண்டும், தோழர்களின் கிண்டலுக்குப் பதில் கொடுக்க வேண்டும். அப்போது பிள்ளை திணறுகிறது. அதற்குள் விபத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள். "சோம்பேறி ஆயிட்டான்", "ஃபோன்தான் காரணம்" என்ற பேச்சுகள் கிளம்பும். ஃபோனும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஆறு ஆண்டுக்கு முந்தைய விபத்தை மருத்துவரிடமும் பள்ளியிடமும் நினைவுபடுத்த வேண்டியவர் நீங்கள்.

காக்கா, நரி, வடை

பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லிவிட்டு, பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் பெரும்பாலும், காகம் வடையைத் தூக்கிக்கொண்டு போனதையும், நரி அதைப் பறிக்க நினைத்து "நீ அழகாப் பாடுவியே" என்று புகழ்ந்ததையும், காகம் வாய் திறந்ததும் வடை விழுந்ததையும் சொல்வார்கள். மூளைக்காயம் பட்ட பிள்ளை இப்படிச் சொல்லக்கூடும்: "பாட்டி வடை சுட்டாங்க. காக்கா வந்துச்சு. மரத்துல உக்காந்துச்சு. நரி வந்துச்சு. அப்புறம்… வடை கீழ விழுந்துச்சு. முடிஞ்சிடுச்சு."

ஒவ்வொரு வாக்கியமும் சரிதான். இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் கதையின் உயிர் போய்விட்டது. நரி ஏன் பாடச் சொன்னது என்பது எங்கேயும் இல்லை. கடுமையான காயம் பட்ட பிள்ளைகளிடம் அமெரிக்க ஆய்வாளர் சான்ட்ரா சாப்மனும் அவரோடு பணியாற்றியவர்களும் கண்டது இதைத்தான். வாக்கியங்கள் நன்றாக இருந்தன. கதையின் முக்கியமான செய்திகள் விடுபட்டிருந்தன.

கதையைச் சொல்லி முடித்ததும் "நரிக்கு உண்மையாவே பாட்டுக் கேக்க ஆசையா?" என்று கேளுங்கள். "ஆமா" என்று பிள்ளை நம்பிச் சொன்னால் அதையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை அப்படிச் சொல்வது சாதாரணம். பத்து வயதில் அப்படிச் சொன்னால் கவனிக்க வேண்டிய விஷயம்.

சொன்ன சொல்லுக்கு உள்ளே இருக்கும் பொருளைப் பிடிப்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு மிகவும் கடினம். கனடாவின் டொரோன்டோ நகரில் மொரீன் டெனிசும் மார்சியா பார்ன்சும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இரட்டைப் பொருள் வாக்கியங்கள், உருவகப் பேச்சு, ஊகித்து அறிவது ஆகியவற்றை ஆராய்ந்தது. நம் வீட்டுத் தமிழ் முழுக்க இப்படிப்பட்ட பேச்சுதானே. பேரன் பால் டம்ளரைத் தட்டிவிட்டதும் "ரொம்ப நல்லா இருக்கு!" என்கிறோம். "என் காதுல பூ சுத்தாதே" என்கிறோம். இதையெல்லாம் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு பிள்ளை சிரித்தாலோ, காதைத் தொட்டுப் பார்த்தாலோ அது குறும்பாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று மனத்தை நோகச் செய்வது. முன்பு "வாங்க தாத்தா" என்று பணிவாகப் பேசிய பிள்ளை விபத்துக்குப் பிறகு "நீ போ" என்கிறது. விருந்தாளியைப் பார்த்து "நீங்க ரொம்பக் குண்டு" என்று போட்டு உடைக்கிறது. நெற்றிப்பகுதி மூளை செய்யும் முக்கியமான வேலைகளில் ஒன்று, வாய்க்கு வருவதை ஒரு நொடி நிறுத்திப் பார்ப்பது. அது தளர்ந்துவிட்டால் மரியாதைச் சொற்கள் முதலில் நழுவும். இதைத் திமிர் என்று அடிக்காதீர்கள். "'நீங்க' சொல்லணும்" என்று அமைதியாகச் சொல்லிக்கொடுத்து, சரியாகச் சொன்னதும் பாராட்டுங்கள். நூறு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

நாம் பேசும் விதம்

தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். "நேத்து மாமா வாங்கிக் கொடுத்த பைய எடுத்துக்கிட்டு கீழ போய்ப் பக்கத்து புளோக் ஆண்ட்டிகிட்டக் கொடுத்துட்டு வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா" என்றால், முடிவு வரும்வரை பிள்ளை எல்லாவற்றையும் மனத்தில் பிடித்துவைக்க வேண்டும். மூளைக்காயத்துக்குப் பின் அந்தப் பிடிப்பு தளர்ந்திருக்கும். வாசல் வரை போய் நின்றுவிடும். "அந்தப் பைய எடு." பிறகு, "ஆண்ட்டிகிட்டக் கொடு." அது முடிந்ததும் ரொட்டியைப் பற்றிச் சொல்லலாம்.

சொல் கிடைக்காமல் "அது… அந்த… சூடா இருக்குமே" என்று பிள்ளை தடுமாறும்போது உடனே எடுத்துக்கொடுத்துவிடத் தோன்றும். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். அப்போதும் வராவிட்டால் "எதுக்குப் பயன்படும்?" என்று கேளுங்கள், அல்லது முதல் எழுத்தை மட்டும் சொல்லுங்கள். பேசும் நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். வசந்தத்தில் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பிள்ளைகளால் உங்கள் குரலைப் பிரித்துக் கேட்பது சிரமம். மாலையில் களைத்திருக்கும்போது தடுமாற்றம் கூடும் என்பதால் பயிற்சியைக் காலையிலோ சிறிது ஓய்வுக்குப் பிறகோ வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி என்றதும் புத்தகம் வாங்க ஓட வேண்டாம். தோசை ஊற்றும்போது "முதல்ல என்ன செஞ்சோம், அப்புறம் என்ன?" என்று கேட்பது வரிசைப்படுத்தும் பயிற்சி. பழைய புகைப்படத்தைக் காட்டி "இந்தக் கல்யாணத்துல யார் யார் வந்தாங்க, ஏன் அத்தை அழுதாங்க?" என்று கேட்பது கதை சொல்லும் பயிற்சி. பேச்சு, மொழிச் சிகிச்சையாளர்களும் படங்களையும் கதைகளையும் வைத்து இது போன்ற பயிற்சிகளைத்தான், பிள்ளையின் நிலைக்கேற்பத் திட்டமிட்டுக் கொடுக்கிறார்கள். அவர்கள் தரும் வீட்டுப் பயிற்சியைப் பெற்றோர் உங்களுக்கும் காட்டட்டும்.

தமிழை விட்டுவிடலாமா?

"ரெண்டு மொழி மூளைக்குப் பாரம், இங்கிலீஷ் மட்டும் போதும்" என்று யாராவது சொல்லுவார்கள். நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் தவறான ஆலோசனை இது. வீட்டில் தமிழ் பேசுவது பிள்ளை தேறுவதைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தமிழை நிறுத்தினால், பிள்ளை உங்களோடு பேசும் பேச்சு நின்றுவிடும். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு நிறையப் பேச்சு தேவைப்படும்போது நேரமும் பொறுமையும் உள்ள ஒருவரை எடுத்துவிடுவதில் என்ன லாபம்? பள்ளியில் தாய்மொழிப் பாடத்துக்கு விலக்கு கேட்பது வேறு விஷயம். அதைப் பெற்றோரும் பள்ளியும் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். அதற்கும் சாப்பாட்டு மேசையில் பேசும் தமிழுக்கும் சம்பந்தமில்லை.

"பாட்டி, ஃபிஷ் டாங்க்ல வாட்டர் மாத்தணும்" என்று கலந்து பேசுவது சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் இயல்பு, நோயின் அறிகுறி அல்ல. ஆனால் கவனிக்கும்போது ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழில் ஒரு சொல் வராவிட்டால் அதே பொருளுக்கு ஆங்கிலச் சொல் வருகிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் சட்டென்று வந்தால், அந்தத் தமிழ்ச் சொல் பிள்ளைக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். முன்பு நன்றாகத் தெரிந்த பொருளுக்கு இரண்டு மொழியிலும் சொல் வரவில்லை என்றால் சிகிச்சையாளர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் பரிசோதிக்கும் ஒருவரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பள்ளியும் மறு பரிசோதனையும்

பள்ளிக்குத் திரும்பும்போது வகுப்பாசிரியரிடமும் பள்ளியின் சிறப்புத் தேவை அதிகாரியிடமும் காயத்தைப் பற்றிப் பெற்றோர் சொல்லியிருக்கிறார்களா என்று கேளுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளைப் பள்ளி வழியாக, மருத்துவ அறிக்கையோடு முன்கூட்டியே கேட்க வேண்டும். பிஎஸ்எல்இ நெருங்கிய பிறகு ஓடுவது சிரமம். சில குடும்பங்கள் "பிள்ளைக்குப் பெயர் கெட்டுவிடும்" என்று மறைக்கின்றன. மறைத்தால் பிள்ளைக்குக் கிடைக்கும் பெயர் "கவனமில்லாதவன்" என்பதுதான்.

வீட்டில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், பிள்ளை எந்த மொழியில் பேசியது, சொன்னது சொன்னபடியே. "பேச்சு சரியில்லை" என்று எழுதுவதைவிட, "செவ்வாய் மாலை. தமிழ். 'கரண்டி' சொல்ல வரவில்லை, 'கிண்டுறது' என்றது. இங்கிலீஷிலும் வரவில்லை" என்று எழுதுவது சிகிச்சையாளருக்கு உதவும். நன்றாகச் சொன்ன நாட்களையும் எழுதுங்கள். விபத்துக்கு முன் எடுத்த காணொளி ஏதாவது இருந்தால், பிறந்தநாள் விழாவில் பிள்ளை பேசியது போல, அதைக் கைத்தொலைபேசியில் எடுத்துச் செல்லுங்கள். முன்பு எப்படிப் பேசியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. மறு பரிசோதனைக்கு முடிந்தால் நீங்களும் போங்கள். தமிழில் விளக்க வேண்டுமென்றால் தமிழ் தெரிந்த ஊழியர் இருப்பாரா என்று நேரம் குறிக்கும்போதே கேட்டுவைக்கச் சொல்லுங்கள். பிள்ளை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள். மருத்துவமனைச் சந்திப்புகள் முடிந்துபோன பிறகு சந்தேகம் எழுந்தால், பலதுறை மருந்தக மருத்துவரிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டி மறுபடியும் அனுப்பிவைக்கும்படி கேட்கலாம்.